விழப் பழகிய கடிகாரம்

எங்கள் வீட்டு அலமாரியின் மேல்தட்டில் ஒரு பழைய மைலோ டப்பா இருக்கிறது. தாத்தா இறந்த பிறகு அவருடைய சில்லறைச் சாமான்கள் எல்லாம் அதற்குள் போய்விட்டன. மூக்குக்கண்ணாடி, சேமநிதிக் கடிதங்கள், துருப்பிடித்த ஒரு ரப்பர் பால் கத்தி, இரண்டு கைக்கடிகாரங்கள். கடிகாரங்களுக்கு எங்கள் வீட்டில் பெயர் உண்டு. ஒன்று ‘அப்பா உடைச்ச வாட்ச்’. இன்னொன்று ‘பாராஷாக்’.

இரண்டாவது, ஜப்பானின் சிட்டிசன் கம்பெனி செய்தது. முகப்பில் கம்பெனியின் பெயரைவிடச் சிறிய எழுத்தில் ‘பாராஷாக்’ என்று இருக்கும். தாத்தா அதையே வாட்ச்சின் பெயராக எடுத்துக்கொண்டார். “என் பாராஷாக்க எடுத்தாடா” என்பார். முதலாவது, முகப்பில் பெயர் பாதி அழிந்துபோன ஒரு சுவிஸ் வாட்ச்.

முதல் வாட்ச்சின் கதையைப் பல தடவை கேட்டிருக்கிறேன். 1963-ல் அப்பாவுக்கு எட்டு வயது. லயத்து வீட்டில், சுவரில் அடித்த ஆணியில் தாத்தா வாட்ச்சைத் தொங்கவிடுவார். அப்பா நாற்காலி போட்டு ஏறி அதை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்திருக்கிறார். கை நழுவிச் சிமெண்டுத் தரையில் விழுந்துவிட்டது. கண்ணாடி உடையவில்லை. கீறல்கூட இல்லை. ஆனால் சத்தம் நின்றுவிட்டது. அன்றைக்கு வாங்கிய பெல்ட் அடியின் தழும்பு அப்பாவின் இடது முழங்காலுக்குப் பின்னால் இன்னமும் இருக்கிறது. பழுதுபார்க்கக் காசில்லாமல் தாத்தா நான்கு வருடம் வாட்ச் இல்லாமல் பெரட்டுக்குப் போனார். 1967-ல்தான் பாராஷாக் வந்தது. “நாலு வருஷம் உன்னாலதாண்டா” என்ற வாக்கியத்தை அப்பா தன் கல்யாணம்வரை கேட்டிருக்கிறார்.

சின்ன வயதிலிருந்தே எனக்கு ஒரு கேள்வி இருந்தது. கண்ணாடிகூட உடையாத ஒரு வீழ்ச்சி எப்படி ஒரு வாட்ச்சைக் கொல்ல முடியும்? அதே தாத்தா பாராஷாக்கைக் கட்டிக்கொண்டு புகைக்கூண்டில் ரப்பர் பாளம் தூக்கினார், விறகு பிளந்தார், ஒருமுறை சைக்கிளோடு கால்வாயில் விழுந்தார். அது ஓடிக்கொண்டுதான் இருந்தது.

போன வருடம் இரண்டையும் எடுத்துக்கொண்டு கிள்ளானில் ஒரு வாட்ச் கடைக்குப் போனேன். கடை என்று சொல்வதுகூட அதிகம். ஐந்தடியில் ஒரு கண்ணாடிப் பெட்டி, ஒரு மேசைவிளக்கு, ஒரு ஸ்டூல். இருந்தவருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். அவருடைய அப்பா காலத்திலிருந்து அதே இடம். சுவிஸ் வாட்ச்சின் பின்மூடியைத் திறந்து, கண்ணில் லூப்பை மாட்டிக்கொண்டு பத்து விநாடி பார்த்தார்.

“ஸ்டாஃப் போச்சு தம்பி.”

“விழுந்ததுல ஒடஞ்சதா அண்ணே?”

“விழுந்தாலும் ஒடையும். கைய வீசி நடக்கயில கதவுல இடிச்சாலும் ஒடையும். இதுல ஷாக் கெடையாது, பாத்தீங்களா?” என்று லூப்பை என்னிடம் கொடுத்தார்.

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நான் இந்த வரலாற்றைத் தேடிப் படிக்க ஆரம்பித்தது அந்த ‘பாத்தீங்களா’வுக்குப் பிறகுதான்.

சாவி கொடுக்கும் வாட்ச்சின் உள்ளே பேலன்ஸ் என்று ஒரு சக்கரம் உண்டு. வாட்ச்சைத் திறந்தால் ஓயாமல் இப்படியும் அப்படியும் சுழன்றாடுவது அதுதான். பழைய வாட்ச்சுகளில் அது மணிக்கு 18,000 தடவை டிக் என்கிறது. ஒரு நாளைக்கு 432,000. நேரத்தை அளப்பது இந்த ஆட்டம்தான். மற்ற சக்கரங்கள் எல்லாம் எண்ணுவதற்கும் முள்ளை நகர்த்துவதற்கும். ஆட்டம் சீராக இருக்கவேண்டுமானால் உராய்வு மிகக் குறைவாக இருக்கவேண்டும். ஆகவே சக்கரத்தைத் தாங்கும் அச்சின் இரண்டு முனைகளையும் மெலிதாக, மேலும் மெலிதாகச் சீவிக்கொண்டே போனார்கள். கைக்கடிகாரத்தில் அந்த முனையின் தடிமன் சுமார் 0.1 மில்லிமீட்டர், பல வாட்ச்சுகளில் அதற்கும் குறைவு. கிட்டத்தட்ட ஒரு தலைமுடி. அந்த முடி ஒரு செயற்கை மாணிக்கக் கல்லின் துளைக்குள் நிற்கிறது, அதன் நுனி இன்னொரு கல்லில் முட்டிக்கொண்டிருக்கிறது. முடிமேல் கனமான விளிம்புள்ள ஒரு சக்கரம்.

இப்போது இதை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து கீழே போடுங்கள். தரையைத் தொடும்போது வேகம் விநாடிக்கு 4.43 மீட்டர். அந்த வேகம் முழுவதும் ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த நேரத்தில் பூஜ்யமாகிறது. கணக்குப் போட்டால், புவியீர்ப்பைப் போலப் பல நூறு மடங்கு, தரை கெட்டியாக இருந்தால் ஆயிரத்துக்கும் மேல். ஒரு கிராம்கூட இல்லாத சக்கரம் அந்தக் கணத்தில் பல நூறு மடங்கு கனத்துத் தன் முனைமேல் உட்காருகிறது. கண்ணாடிக்கும் உறைக்கும் இந்த அடி ஒன்றுமில்லை. உள்ளே முடி முறிந்துவிடும், முறியாவிட்டால் வளையும், அல்லது கல் விரியும். அப்பா விஷயத்தில் நடந்தது இதுதான்.

இதை முதலில் கவலைப்பட்டுத் தீர்க்கப் பார்த்தவர் அப்ரஹாம்-லூயி ப்ரெகே. சுவிட்சர்லாந்தின் நியூஷாட்டெலில் 1747-ல் பிறந்து, பாரிஸில் கடை வைத்தவர். மரி அந்துவானெத் அவருடைய வாடிக்கையாளர். நெப்போலியன் எகிப்துக்குப் படையெடுக்கும் முன் 1798-ல் அவரிடம்தான் வாங்கினார். புரட்சி முற்றியபோது 1793-ல் ப்ரெகே ஊரைவிட்டுச் சுவிட்சர்லாந்துக்குப் போய், 1795-ல் திரும்பிவந்து மறுபடி கடையைத் திறந்தார். புரட்சியின் ஆரம்பத்தில், 1790 வாக்கில் அவர் செய்த ஒன்றுக்குப் பெயர் ‘பாராஷூட்’. வானத்திலிருந்து குதிக்கும் பாராஷூட்டும் இதுவும் ஒரே சொற்கள்தான்: ‘ஷூட்’ என்றால் வீழ்ச்சி, முன்னால் இருப்பது தடுப்பு. வெயிலைத் தடுக்கும் குடையும் அந்த மொழியில் அதே முன்னொட்டோடுதான் வரும்.

அதன் உள்ளமைப்பு எளிமையானது. அச்சின் முனையைக் கூம்பாகக் கடைந்தார். அது உட்காரும் கல்லில் அதற்கேற்ற ஒரு சிறு குழி. அந்தக் கல்லை உலோகத் தகட்டில் இறுக்கிப் பதிக்காமல், மெல்லிய ஸ்பிரிங் பட்டையின் நுனியில் வைத்தார். அடி விழுந்தால் கல் விலகிக்கொடுக்கும், பிறகு திரும்பி வரும். ப்ரெகே பற்றிச் சொல்லப்படும் ஒரு கதை உண்டு. டாலிராண்டின் வீட்டு விருந்தில், பெரிய மனிதர்கள் முன்னால், தன் கடிகாரத்தை வேண்டுமென்றே தரையில் போட்டாராம். எடுத்துக் காதில் வைத்தால் ஓடுகிறதாம். இந்தக் கதை நிஜமோ இல்லையோ, வாட்ச் விளம்பரம் என்ற கலை அங்கேதான் பிறந்தது. அடுத்த இருநூறு வருடமும் எல்லோரும் வாட்ச்சைக் கீழே போட்டுத்தான் விற்றார்கள்.

எனக்கு ஆச்சரியம் தந்தது ப்ரெகேயின் கண்டுபிடிப்பு அல்ல, அதற்குப் பிறகான காலம். 1790-ல் தீர்வு கிடைத்துவிட்டது. ஆனால் சாதாரண வாட்ச்சுக்குள் அது வர ஏறத்தாழ 140 வருடம் ஆயிற்று. ஏன்?

நான் படித்தவரைக்கும் என் பதில் இது. அந்த நூற்றைம்பது வருடத்தில் பெரும்பகுதிக்குக் கடிகாரம் பையில் இருந்தது. சங்கிலி போட்டு, சட்டைப்பைத் துணிக்குள், வயிற்றோடு ஒட்டி. வைத்திருந்தவர்கள் அதை நிதானமாக எடுத்து நிதானமாக உள்ளே வைக்கும் ஆட்கள். அது பெரிய இயந்திரம், முனைகளும் கொஞ்சம் தடி. உடைந்தால் கடைக்காரர் புது அச்சுக் கடைந்து போடுவார். ப்ரெகே செய்தது ஒவ்வொன்றாகக் கையால் செய்யும் வேலை. அதற்கு விலை கொடுக்க அரசனோ தூதுவனோ வேண்டும். விறகு பிளப்பவன் கடிகாரம் கட்டுவான் என்று அப்போது யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

கடிகாரத்தைக் கைக்குக் கொண்டுவந்தது முதல் உலகப்போர். அதற்கு முன் ஐரோப்பாவில் கைக்கடிகாரம் பெண்களின் நகை. பதுங்குகுழியில் பைக்குள் கைவிட்டுத் தேட நேரமில்லை. பீரங்கிகள் எத்தனை மணிக்கு நிற்கும், எத்தனை மணிக்குக் காலாட்படை எழவேண்டும் என்பது உயிர் விஷயம். ஆகவே சிப்பாய்கள் மணிக்கட்டில் கட்டினார்கள். போர் முடிந்த பிறகும் கழற்றவில்லை. ஒரு மனிதனின் உடம்பில் மிக வேகமாக அசைவது கைதான். அதில் போய், முன்பைவிடச் சின்னதான, முன்பைவிட மெல்லிய முனைகள் கொண்ட ஒரு இயந்திரத்தைக் கட்டினார்கள். அச்சு முறிவது அன்றாடச் சங்கதி ஆனது. என் வாட்ச்கடை அண்ணன் சொன்னார்: “எங்கப்பா காலத்துல தீவாளிக்குத் துணி எடுத்ததே ஸ்டாஃப் மாத்துன காசுலதான்.”

1920-களில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். வைலர் என்ற கம்பெனி, கல்லை விட்டுவிட்டுச் சக்கரத்தையே வளையச் செய்தது. சக்கரத்தின் ஆரக்கால்கள் வளைந்து நெளிந்து ஸ்பிரிங்போல இருக்கும். ‘இன்காஃப்ளெக்ஸ்’ என்று பெயர். 1956-ல் அவர்கள் இரண்டு வாட்ச்சுகளை ஐஃபல் கோபுரத்தின் உச்சியிலிருந்து போட்டுக் காண்பித்தார்கள். கீழே எடுத்தபோது ஓடின. டாலிராண்ட் வீட்டு விருந்தைக் கொஞ்சம் பெரிய மேடையில் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

நிலைத்தது வேறொன்று. சுவிட்சர்லாந்தின் லா ஷோ-த-ஃபோன் என்ற மலையூர். ஊரே வாட்ச் வேலைக்காகத் திட்டமிட்டுக் கட்டப்பட்டதுபோல, வெளிச்சம் வரும் நீள நீளமான தெருக்கள். கட்டடக்கலைஞர் லெ கொர்பூசியே பிறந்த ஊர். அவரும் முதலில் வாட்ச் மூடியில் செதுக்குவேலை படித்தவர்தான். அங்கே ஃப்ரிட்ஸ் மார்ட்டி, ஜார்ஜ் ப்ரவுன்ஷ்வைக் என்ற இரண்டு பொறியாளர்கள் உருவாக்கிய ‘இன்காப்ளாக்’ 1934-ல் வந்தது.

அதை நான் பிறகு லூப்பில் பார்த்தேன். அந்த அண்ணன் தன் பெட்டியிலிருந்து வேறொருவரின் வாட்ச்சை எடுத்துக் காட்டினார். பேலன்ஸின் உச்சியில், கடுகளவு வட்டத்துக்குள், பொன்நிறத்தில் ஒரு குட்டி யாழ். ஸ்பிரிங்கின் வடிவம் அது. கிரேக்கர்களின் யாழ்போல இருப்பதால் மேற்கில் அதற்கு அந்த வாத்தியத்தின் பெயரையே வைத்திருக்கிறார்கள். நாமும் யாழ் என்றே சொல்லிக்கொள்ளலாம், நமக்கென்ன குறை.

யாழுக்குக் கீழே இரண்டு கற்கள், ஒரு சின்னக் கிண்ணத்தில். அந்தக் கிண்ணத்தின் பக்கங்கள் சரிவானவை. அது உட்காரும் குழியும் அதே சரிவு. கிண்ணத்தை யாரும் திருகி இறுக்கவில்லை. யாழ் மேலிருந்து லேசாக அழுத்திக்கொண்டிருக்கிறது, அவ்வளவே. வாட்ச் மல்லாந்து விழுந்தால் முனை கல்லைத் தள்ளும், கிண்ணம் யாழை எதிர்த்துக் கொஞ்சம் எழும்பும். பக்கவாட்டில் விழுந்தால் கிண்ணம் சரிவில் ஏறி ஒரு பக்கம் ஒதுங்கும். இரண்டிலும் முக்கியம் அடுத்து நடப்பதுதான். முனை ஒதுங்கிய மறுகணம், அச்சின் தடித்த தோள்பகுதி சுற்றியுள்ள உலோகச் சுவரில் போய் முட்டுகிறது. அடியை வாங்குவது அந்தத் தடித்த தோள். முடிபோன்ற முனைக்கு வரவேண்டிய பாரம் அதற்குப் போய்விடுகிறது. அடி ஓய்ந்ததும் யாழ் அழுத்த, சரிவில் வழுக்கிக் கிண்ணம் பழைய இடத்துக்கே வந்து உட்காரும். துல்லியமாக அதே இடத்துக்கு வராவிட்டால் வாட்ச் ஓடும், ஆனால் நேரம் தப்பும். அந்தச் சரிவுகளை ஆயிரக்கணக்கில் ஒரே அச்சாக மெஷினில் கடையத் தெரிந்ததுதான் 1934-ன் சாதனை என்று நினைக்கிறேன். ஸ்பிரிங்கில் கல்லை வைக்கும் யோசனை ப்ரெகேயுடையதுதானே. இப்போது அது எந்தக் கம்பெனியும் வாங்கிப் பொருத்தக்கூடிய உதிரிப்பாகம் ஆகிவிட்டது. ராஜாவுக்குச் செய்தது கூலிக்காரனின் கைக்கு வந்தது அந்த உதிரிப்பாகத்தால்.

இன்னொரு வசதியும் உண்டு, பழுதுபார்ப்பவர்கள் அதைத்தான் அதிகம் மெச்சுகிறார்கள். யாழின் கம்பிகளை ஒரு ஊசியால் விலக்கினால் அது கதவுபோலத் திறந்துகொள்ளும். கற்களை எடுத்துக் கழுவி, ஒரு பொட்டு எண்ணெய் வைத்து மூடிவிடலாம். எதையும் கழற்ற வேண்டாம்.

ஒரு கிளைக்கதை. ஜார்ஜ் ப்ரவுன்ஷ்வைக்கின் மகன் ஃபிலிப் அந்தக் குடும்பத் தொழிலைப் பிறகு நடத்தினார். அவர் மனைவி எல்வீர் நடனக்காரி. அந்தத் தம்பதிதான் 1973-ல் ‘ப்ரி த லோசான்’ என்ற பாலே போட்டியைத் தொடங்கினார்கள். இன்றைக்கு உலகம் முழுவதும் பதினைந்து, பதினாறு வயது நடனப் பிள்ளைகள் கனவு காணும் மேடை அது. நுனிக்காலில் ஒரு உடம்பின் முழு பாரத்தையும் நிறுத்தும் கலைக்கும், நுனியில் சக்கரத்தை நிறுத்தும் தொழிலுக்கும் இடையே நான் எதையும் முடிச்சுப் போடப் போவதில்லை. படித்தபோது சிரிப்பு வந்தது, சொல்லிவிட்டேன்.

பிறகு போட்டி கூடியது. வலே த ஜூ பள்ளத்தாக்கிலிருந்து ‘கிஃப்’ வந்தது. ரோலெக்ஸ் வெகுகாலம் அதை வைத்திருந்து, இந்த நூற்றாண்டில் ‘பாராஃப்ளெக்ஸ்’ என்று தனக்கே ஒன்று செய்துகொண்டது. ஸ்பிரிங்கின் வடிவம் மாறும், அடிப்படை அதேதான்.

நம் பக்கத்துக்கு அது வந்தது பெரும்பாலும் ஜப்பான் வழியாக. செய்கோ ‘டயாஷாக்’ என்றது. சிட்டிசன் 1956-ல் ‘பாராஷாக்’ என்றது. அதை விற்க அவர்கள் ஹெலிகாப்டரில் ஏறி 30 மீட்டர் உயரத்திலிருந்து வாட்ச்சைப் போட்டார்கள். பாராஷூட்டில் இருக்கும் அதே ‘பாரா’. ப்ரெகே ‘வீழ்ச்சித் தடுப்பு’ என்றதை இவர்கள் ‘அதிர்ச்சித் தடுப்பு’ ஆக்கினார்கள். 1961-ல் பெங்களூரில் எச்.எம்.டி. வாட்ச் தொழிற்சாலை சிட்டிசனின் தொழில்நுட்பத்தோடு தொடங்கியபோது அந்தச் சொல்லும் கூடவே போனது. இந்தியாவிலிருக்கும் உங்கள் சொந்தக்காரர் வீட்டில் பழைய எச்.எம்.டி. ஜனதா இருந்தால் முகப்பின் கீழ்ப்பகுதியைப் பாருங்கள். பாராஷாக் என்று இருக்கும். அங்கேயும் எத்தனை தாத்தாக்கள் அதையே பெயராக வைத்துக்கொண்டார்களோ.

இதற்கெல்லாம் ஒரு பன்னாட்டுத் தரம்கூட உண்டு, ஐ.எஸ்.ஓ. 1413 என்று எண். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து கட்டைத்தரையில் விழுவதற்குச் சமமான அடியைத் தாங்கவேண்டும். சோதனையில் யாரும் வாட்ச்சைக் கீழே போடுவதில்லை. 3 கிலோ சுத்தியல் ஊசலாடி வந்து விநாடிக்கு 4.43 மீட்டர் வேகத்தில் வாட்ச்சை அடிக்கிறது. ஒன்பது மணிப் பக்கம் ஒரு அடி, கண்ணாடிமேல் ஒரு அடி. அதற்குப் பிறகு நாளொன்றுக்கு 60 விநாடிக்குமேல் ஓட்டம் மாறக்கூடாது. ஒரு மீட்டர் என்பது, யோசித்துப் பார்த்தால், லயத்து வீட்டு நாற்காலியில் நிற்கும் எட்டு வயதுப் பையனின் கையைவிடத் தாழ்வு. அப்பா போட்ட உயரத்துக்குப் பாராஷாக்கே தாங்கியிருக்குமா என்பது சந்தேகம்தான்.

வயசுப்பிள்ளைகள் இதைப் படித்துவிட்டு ‘ஜி-ஷாக் இருக்கே’ என்பீர்கள். அது பேட்டரி வாட்ச், வேறு ஜாதி. உடையக்கூடிய பேலன்ஸே அதில் இல்லை. ஆனாலும் கதை நம் வீட்டுக்கதை. அதைச் செய்த கிகுவோ இபே, அப்பா வாங்கித்தந்த வாட்ச் கீழே விழுந்து உடைந்ததில்தான் தொடங்கினார். சுமார் 200 மாதிரிகளைக் கம்பெனியின் மூன்றாம் மாடிக் கழிப்பறை ஜன்னலிலிருந்து போட்டுப் போட்டுப் பார்த்து, 1983-ல் வெளியிட்டார். தந்தையர், வாட்ச், கீழே போடுதல். எங்கே போனாலும் இந்த மூன்றும் சேர்ந்தேதான் வருகின்றன.

கிள்ளான் கடைக்கு இரண்டாவது தடவை போனபோது பாராஷாக் தயாராக இருந்தது. கழுவி எண்ணெய் போட்டு 80 வெள்ளி. சுவிஸ் வாட்ச்சின் பின்மூடியை அவர் தனியாக எடுத்து விளக்குக்கு நேராகச் சாய்த்தார்.

“இதப் பாருங்க தம்பி.”

மூடியின் உள்பக்கம் ஊசியால் கீறிய சின்னச் சின்ன எழுத்துகள். பழுதுபார்த்தவர்கள் தங்கள் குறிப்பையும் தேதியையும் அப்படிக் கீறி வைப்பது பழைய வழக்கமாம். இரண்டு தேதிகள். 59 மார்ச். 61 நவம்பர். இரண்டின் பக்கத்திலும் ஒரே குறி.

“ஸ்டாஃப் மாத்துனா எங்கப்பாவும் இப்படித்தான் போடுவாரு. பேலன்ஸ் நடுவுல ரிவெட் அடிச்ச தடமும் இருக்கு, ஒருக்கா இல்ல, ரெண்டுவாட்டி அடிச்சிருக்காங்க. உங்க அப்பா போட்டது மூணாவது தடவ.”

வீட்டுக்கு வந்து மூடியை அப்பாவிடம் கொடுத்தேன். பல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தவர் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து, கண்ணாடி போட்டு, ஜன்னல் பக்கம் போய் நின்று பார்த்தார்.

“அம்பத்தொம்பதுல எனக்கு நாலு வயசு” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “அந்த ஆணி எனக்கு எட்டவே எட்டாதே.”

அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. தாத்தா என்ன செய்துகொண்டிருந்தபோது அந்த இரண்டு தடவையும் முறிந்தது என்று கேட்பதற்கு இப்போது ஆள் இல்லை. விறகு பிளக்கும்போதாக இருக்கலாம். பாளத்தை இறக்கும்போதாக இருக்கலாம். பாட்டிக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அவரும் போய்ச் சேர்ந்து பதினோரு வருடம் ஆகிறது.

பாராஷாக்கை இப்போது அப்பா கட்டிக்கொள்கிறார், பசாருக்குப் போகும்போது மட்டும். சுவிஸ் வாட்ச் இன்னமும் கடையில்தான் இருக்கிறது. அதற்குப் பொருந்தும் ஸ்டாஃப் கிடைக்கவில்லை. தன் அப்பா விட்டுப்போன தகர டப்பாக்களில் தேடிப் பார்ப்பதாகவும், இல்லையென்றால் பினாங்கில் லேத் வைத்துக் கடையும் ஒரு சீனப் பெரியவர் இருக்கிறார், அவரிடம் அனுப்பலாம் என்றும் அண்ணன் சொல்லியிருக்கிறார். விலை கேட்டேன். வாட்ச்சின் விலையைவிட அதிகம் ஆகும் என்றார். அப்பாவிடம் சொன்னபோது, “அனுப்பச் சொல்லு” என்றார்.